தொட்டுப் பார்க்காத மேசை

பின்பால் மேசை ஒன்றை நான் கையால் தொட்டபோது நாற்பது வயதை நெருங்கிவிட்டேன். அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அதை நேசித்திருக்கிறேன். அந்த நேசம் முழுக்கத் திரையில் தெரிந்த படத்தின் மேல்தான். மரமும் இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த கனத்த பொருள் ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்து இவ்வளவு நெருக்கமாக அறிய முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் படம் எந்த நேரத்தில் எதைச் சரியாகக் காட்டவேண்டும் என்பது எனக்குப் பிடிபட நெடுங்காலம் ஆயிற்று.

என் வயதுத் தமிழர்கள் பலருக்குப் பின்பால் என்றால் ஒரே ஒரு மேசைதான்: விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஸ்பேஸ் கேடட். பிரௌசிங் சென்டரில் இணைப்பு அறுந்துபோனால் அதைத் திறப்போம். கம்ப்யூட்டர் லேபில் சார் வெளியே போனால் அதைத் திறப்போம். அது எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. 1995-இல் சினிமாட்ரானிக்ஸ் செய்து மேக்சிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்’ விளையாட்டில் மூன்று மேசைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் விண்டோஸுக்கு வந்தது. மூல விளையாட்டு 640×480, 800×600, 1024×768 என்று மூன்று அளவுகளில் ஓடும். நம் கைக்கு வந்தது அந்தச் சிறிய அளவு மட்டும். முழுத்திரைக்கு மாற்றினால் புள்ளிகள் பெருத்துப் பிசிறு தட்டும்.

இருந்தும் அந்தப் படத்தில் ஒரு நேர்மை இருந்தது. மேசை முழுவதையும் முப்பரிமாண மென்பொருளில் ஒரே கோணத்தில் வரைந்து, 256 நிறங்களுக்குள் அடக்கி, ஒற்றைப் படமாக வைத்துவிட்டார்கள். விளையாடும்போது மேசை அசையாது. பந்து மட்டும் ஒரு சிறு படமாக அதன் மேல் நகரும். தூரம் போகப் போகச் சிறுக்கும். எந்த இடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கும் உள்ளே இருந்ததால், சாய்தளத்துக்கு அடியில் போகும் பந்து சரியாக மறைந்து சரியாக வெளியே வரும். விளக்கு எரியவேண்டுமென்றால் அந்த இடத்தின் துண்டுப் படம் மட்டும் மாறும். அவ்வளவுதான். அந்தப் படத்துக்குள் ஒன்றுக்கொன்று முரணான எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வெளிச்சத்தில், ஒரே கையால் வரைந்தது போல இருந்தன. படத்தின் தரம் என்ற விஷயத்தில் பிற்காலத்தில் நான் கற்ற பலவற்றின் விதை இதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

படித்து முடித்ததும் சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் டெக்ஸ்ச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பரிமாண உருவங்களின் மேல் போர்த்துகிற தோலை வரைவதுதான் அந்த வேலை: சுவர்க் காரை, துருப்பிடித்த தகரம், செருப்பு, தார்ச் சாலை. அந்த நாட்களில்தான் விஷுவல் பின்பால் என்ற மென்பொருளைக் கண்டுகொண்டேன். 2000-இல் ராண்டி டேவிஸ் என்பவர் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அதில் மேசை கட்டலாம். அதோடு விபின்மேம் என்ற இன்னொரு மென்பொருளைச் சேர்த்தால், உண்மையான இயந்திரத்தின் சில்லில் இருந்த நிரலே கம்ப்யூட்டரில் ஓடும். புள்ளி எப்படி ஏறவேண்டும், எந்த விளக்கு எப்போது மினுக்கவேண்டும், எந்தக் குரல் எங்கே பேசவேண்டும் என்பதெல்லாம் அந்த இயந்திரங்கள் பிறந்த சிகாகோவில் எழுதியது எழுதியபடி. இயந்திரத்தின் மூளை அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. உடலைத்தான் நாம் செய்து கொடுக்கவேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அதுதான் என்பதால் அதில் விழுந்துவிட்டேன்.

நான் தேர்ந்தெடுத்த மேசை ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’. வில்லியம்ஸ் குழுமத்தின் பாலி பெயரில் 1992-இல் வந்தது. வடிவமைத்தவர் பேட் லாலர், ஓவியம் ஜான் யூசி. 20,270 இயந்திரங்கள் விற்றன. மின்னணு யுகத்தின் பின்பால் மேசைகளில் அதற்கு மேல் விற்றது வேறில்லை. ஆடுதளத்தின் நடுவில் ஒரு மாளிகை வரைந்திருக்கும். அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பரிசு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பல்பு. மாமுஷ்கா, சேயான்ஸ், கசின் இட் என்று அந்த ஜன்னல்களில் சின்னஞ்சிறு எழுத்தில் எழுதியிருக்கும். வெளிநாட்டு நண்பர் ஒருவர், தம் மேசையைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் பலகையைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து அனுப்பினார்.

போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டோவில் அந்த நேரத்து வெளிச்சமும் சேர்ந்து வந்துவிடும். கூரை விளக்கின் பளபளப்பு ஓரிடத்தில், பிளாஸ்டிக் தகட்டின் நிழல் ஓரிடத்தில் என்று படத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை மேசையாக்கி, அதன் மேல் மென்பொருள் தன் பங்குக்கு இன்னொரு நிழலைப் போட்டால், ஒரே தூணுக்கு இரண்டு நிழல் விழும். பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் உறுத்தும். அதனால் நமக்கு வேண்டியது வெளிச்சமே படாதது போன்ற, நிறம் மட்டுமான படம். ஸ்கேனர் தருவது ஏறக்குறைய அதைத்தான்.

அந்த ஸ்கேனை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் போயிருந்தேன். என் தாய்மாமா அங்கே வெகுகாலம் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவர். பத்திரிகை, ஸ்டிக்கர், கடைப் பலகை என்று அவர் அடிக்காதது இல்லை. பின்பால் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“மாப்ள, இது ஸ்கிரீன்ல அடிச்சது. ஒவ்வொரு கலரும் தனித்தனி. கறுப்பக் கடைசியாப் போட்டிருக்கான் பாரு.”

“எப்படி மாமா சொல்றீங்க?”

“இந்த மஞ்சள் எங்க முடியுது, செவப்பு எங்க ஆரம்பிக்குது? ரெண்டும் சேர்ற எடத்துல ரெஜிஸ்டர் கொஞ்சம் தள்ளிப்போனாலும் தெரியக்கூடாதுன்னு மேல கறுப்பு அவுட்லைன் ஓட்டியிருக்கான். இந்தக் கறுப்பு போச்சுன்னா படமே போச்சு.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் வேலை செய்த எந்த நிறுவனத்திலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின்பால் ஓவியத்தின் கூர்மை முழுவதையும் தாங்குவது அந்த மெல்லிய கறுப்புக் கோடு. படத்தைச் சிறிதாக்கும்போது முதலில் சாவதும் அதுதான். பக்கத்து மஞ்சளோடு கலந்து பழுப்பாகும். சிவப்போடு கலந்து காய்ந்த ரத்தத்தின் நிறமாகும். கோடு பழுப்பானதும் ஓவியம் முழுக்கச் சோகை பிடித்துப்போகும்.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆடுதளம் சுமார் 20 அங்குல அகலம், 45 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 12,000 × 27,000 பிக்சல். 32 கோடிக்கும் மேல். சுருக்காமல் வைத்தால் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு விளையாட்டில் ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு இடம் தரமுடியாது. ஆகவே நீளவாக்கில் 4096, 2048, 1024 என்று ஏதாவது ஓர் அளவுக்குக் குறைக்கவேண்டும். மாளிகை ஜன்னலில் மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்து ஒன்று இருந்தால், 4096-இல் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 11 பிக்சல். 2048-இல் 5. 1024-இல் 3 கூட இல்லை. பதினொரு பிக்சலில் ஆங்கில எழுத்தை நன்றாகவே படிக்கலாம். ஐந்தில், ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் படிக்கலாம். மூன்றில் யாராலும் முடியாது. படத்தின் தரம் என்று நாம் பொத்தாம்பொதுவாகப் பேசுவது, இந்த இடத்தில் படிக்க முடிகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

அளவு போதுமானதாக இருந்தாலும் சுருக்கும் முறை கெடுத்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று இருக்கும் பழைய சுருக்கு முறை ஒன்று, டிஎக்ஸ்டி-1 என்று பெயர், படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்களை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பதினாறு பிக்சலுக்கு நான்கு நிறம். வழக்கமான முறையில் அந்த நான்கும், ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குப் போகும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். சுவர்க் காரைக்கும் தார்ச் சாலைக்கும் இது தாராளம். ஆனால் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் கறுப்புக் கோடு என்றால் அந்த மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. எதையாவது பலி கொடுத்தாகவேண்டும். மாமா சொன்ன அதே இடத்தில்தான் அது முறியும். இதைக் கண்டபின் ஆடுதளப் படத்தை மட்டும் அந்த முறையில் சுருக்குவதை விட்டுவிட்டேன். கால்களுக்கும் பெட்டியின் பக்கவாட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சங்கதி, விளையாடுகிறவர்களே மாற்றிக்கொள்ளக் கூடியது. பின்பால் மேசையை நாம் மேலிருந்து நேராகப் பார்ப்பதில்லை. காலடியிலிருந்து தூரத்துக்குச் சாய்வாகப் பார்க்கிறோம். சாய்ந்து தெரியும் தளத்தில் தூரத்துப் பகுதி நீளவாக்கில் நசுங்கும், அகலவாக்கில் அவ்வளவு நசுங்காது. தூரத்துக்கென்று முன்கூட்டியே சிறிதாக்கி வைத்த பிரதிகளிலிருந்து கார்டு ஒன்றை எடுக்கும்போது, நசுங்கிய திசைக்குப் பொருத்தமான மிகச் சிறிய பிரதியை எடுத்துவிடுகிறது. விளைவு, மேசையின் மேல்பாதி பனிமூட்டம் போட்டது போலிருக்கும். இதைச் சரிசெய்வதற்குத்தான் அனைசோட்ரோபிக் ஃபில்டரிங் என்ற அமைப்பு இருக்கிறது. அதை 16-இல் வைத்தால் 2048 அளவுப் படமே, அந்த அமைப்பு அணைந்திருக்கும் 4096 படத்தை விடத் தெளிவாகத் தெரியும்.  பின்பாலில் மேசை முழுவதும் சாய்வு என்பதால் இதுதான் முதல் தேவை. யாராவது படம் மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் வந்தால், வேறெதையும் கேட்காமல் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எல்லா இடத்திலும் நுணுக்கம் கூடவேண்டும் என்பதும் கிடையாது. அந்தக் காலத்து மேசைகளில் ஸ்கோர் காட்டும் திரை 128×32 புள்ளிகள். ஆரஞ்சு நிறத்தில் சில படிநிலைகள் மட்டும். அதைப் பெரிய திரையில் காட்டும்போது மென்மையாக்கி, ஓரங்களை வழுவழுப்பாக்கி வெளியிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. புள்ளி புள்ளியாகத் தெரியவேண்டும் என்று வரைந்தவர்கள் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் வரைந்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக, நடுவே இருட்டு இடைவெளியோடு நிற்கவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் மேசை உயிரில்லாமல்தான் கிடந்தது. எழுத்து தெரிந்தது, கோடு கறுப்பாக நின்றது, மேல்பாதி தெளிவாக இருந்தது. ஆனால் பந்தை ஏவியதும் எல்லாம் ஓர் அச்சடித்த தாளின் மேல் நடப்பது போல இருந்தது.

அலுவலக வேலையாகச் சான் பிரான்சிஸ்கோ போனபோது, ஒரு ஞாயிறன்று வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் அலமீடாவுக்குப் போனேன். அங்கே வெப்ஸ்டர் தெருவில் பசிபிக் பின்பால் மியூசியம் இருக்கிறது. வாசலில் ஒரு கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே காசு போடவேண்டாம். எந்த இயந்திரத்தையும் எத்தனை முறையும் ஆடலாம். பழைய காலத்து மேசைகளிலிருந்து தொடங்கிப் பத்தாண்டு பத்தாண்டாக வரிசையாக நிற்கின்றன. சாய்வுக் கண்ணாடியின் மேல் கையை வைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்ல வெட்கமில்லை. படத்தில் எத்தனையோ முறை பார்த்த ஒன்றின் எடையும் அதிர்வும் உள்ளங்கையில் ஏறுவது சாதாரண விஷயம் அல்ல.

அன்று இரவு ஒரு பாரின் மூலையில் ஆடம்ஸ் ஃபேமிலி நிற்பதைக் கண்டேன். கடை மூடும்வரை அதை விடவில்லை.

முதலில் நான் கவனித்தது பல்புகள். இழைப் பல்பு சட்டென்று எரியாது. இழை சூடேறி ஏறி வெளிச்சமாகும், அணைக்கும்போது சிவந்து இறங்கும். ஒரு கணத்துக்கும் குறைவான நேரம்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் மாறி மாறி மினுக்கும்போது அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மேசை முழுவதும் மூச்சு விடுவது போல இருந்தது. அடுத்து, அந்தப் பல்பு தன் ஜன்னலை மட்டும் ஒளியேற்றவில்லை. பக்கத்து ரப்பரில், பிளாஸ்டிக் சாய்தளத்தின் அடிவயிற்றில், கடந்துபோகும் பந்தின் வயிற்றில் எல்லாம் அதன் சிவப்பு படிந்தது. பல்பின் மேல் பதித்த, இன்செர்ட் எனப்படும் சிவப்பு பிளாஸ்டிக் துண்டும் அணைந்திருக்கும்போது கறுப்பாக இல்லை. அடர்சிவப்பாக, உள்ளே நட்சத்திர வரிகளோடு, ஆழத்தோடு இருந்தது. தலையை அசைத்தால் மேலே உள்ள எழுத்தும் உள்ளே உள்ள வரியும் தனித்தனியாக நகர்ந்தன.

பிறகு பந்து. 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எஃகு. திரையில் அது எனக்கு ஒரு வெள்ளி உருண்டையாகவே பழகியிருந்தது. அதன் மேல் ஏதோ ஓர் அறையின் பிரதிபலிப்பை நிரந்தரமாக ஒட்டி வைத்திருப்பார்கள். உண்மைப் பந்து வெள்ளியாகவே இல்லை. அதன் கீழ்ப்பாதி முழுக்க மேசையின் ஓவியம் வளைந்து ஓடியது. மேற்பாதியில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் இருட்டும் பின்பலகையின் ஒளியும் தெரிந்தன. அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் நிறமாகவே மாறிக்கொண்டிருந்தது. மேசையில் கண் விடாமல் பின்தொடர்வது அந்த ஒன்றைத்தான். அதன் மேல் பொய்யான அறை ஒன்று ஒட்டியிருந்தால், ஆடுதளம் எத்தனை ஆயிரம் பிக்சலாக இருந்து என்ன பயன்?

கடைசியாக, நடு இரவு நெருங்கும்போது இன்னொன்றைக் கண்டேன். ஆடத் தொடங்கியதிலிருந்து மாளிகையின் எழுத்துகளை நான் ஒருமுறை கூடப் படிக்கவில்லை. பந்து ஓடும்போது படிக்க முடியாது. நொடிக்கு மூன்று மீட்டர் போகிற பந்து, நொடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து சென்டிமீட்டர் தாண்டும். தன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது கண்ணுக்கு வேண்டியது பந்தும் வெளிச்சமும் வேகமும்தான். பிறகு ஒரு தடவை, பந்தைத் தட்டும் ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்து அதன் மடியில் பந்தை நிறுத்தினேன். கை நின்றது, கண் தானாக மேலே போனது. மாளிகையில் ஒரு ஜன்னல் மினுக்கிக்கொண்டிருந்தது. மாமுஷ்கா என்று தெளிவாகப் படித்தேன். அடுத்து எங்கே அடிக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன், அடித்தேன்.

பின்பாலில் கண்ணுக்கு இரண்டு வேளைகள் இருக்கின்றன. பந்து நிற்கும் வேளையில் எழுத்தும் கோடும் வேண்டும், அதற்கு ரெசல்யூஷன். பந்து ஓடும் வேளையில் ஒளியும் பிரதிபலிப்பும் வேண்டும். அதற்கு எத்தனை பெரிய ஸ்கேனும் உதவாது. என் மேசை நின்ற வேளைக்கு மட்டும் கட்டப்பட்டிருந்தது. அதனால்தான் பந்து ஓடியதும் அது தாளாகிவிட்டது.

திரும்பி வந்து விளக்குகளில் இறங்கினேன். வெளிச்சத்துக்கு ஓர் அருமையான குணம் உண்டு: அதைக் கூட்டலாம். ஒரு பல்பு மட்டும் எரியும்போது மேசை எப்படித் தெரியுமோ அது ஒரு படம். இன்னொரு பல்பு மட்டும் எரியும்போது இன்னொரு படம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் எப்படியிருக்கும் என்று தனியாக வரையவேண்டியதில்லை. இரண்டு படங்களையும் பிக்சலுக்குப் பிக்சல் கூட்டினால் போதும். பாதி வெளிச்சத்தில் எரிந்தால் பாதியைக் கூட்டினால் போதும். ஆகவே பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் ஒவ்வொரு பல்பையும் தனியாக ஏற்றி, அது ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் பட்டுத் தெறிப்பதையெல்லாம் நிதானமாகக் கணக்கிட்டு ஒரு படமாகச் சேமித்துவைக்கலாம். விளையாடும்போது கார்டு செய்யவேண்டியது கூட்டல் மட்டும். ஒரே நிபந்தனை, திரைக்காக வளைத்த எண்களை அப்படியே கூட்டக்கூடாது. வளைவை நீக்கி, உண்மையான ஒளியளவாக மாற்றிக் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விளக்கு சேரும் இடம் வெளிறிப்போகும்.

இதற்கு விலை உண்டு. வில்லியம்ஸ்–பாலி மேசைகளின் அந்தக் காலத்து மின்பலகை 64 விளக்குகள் வரை தனித்தனியாக இயக்கும். ஒவ்வொன்றுக்கும் 2048×4096 படம் என்றால், சுருக்காத நிலையில் ஒன்று 32 எம்பி. அறுபத்து நான்குக்கும் 2 ஜிபி. வெறும் விளக்குக்கு மட்டும். ஆனால் ஒரு பல்பின் ஒளி மேசை முழுவதும் போவதில்லை. அது எட்டும் வட்டத்தை மட்டும் வெட்டி வைத்தால் பெரும்பகுதி மிச்சம். தவிர, வெளிச்சம் மெதுவாக மாறுகிற ஒன்று. அதற்குக் கூர்மை வேண்டாம். ஆடுதளத்தின் நிறத்தை 4096-இல் வைத்துக்கொண்டு, அதன் மேல் விழும் ஒளியைக் கால்வாசி அளவில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கறுப்புக் கோடு இருக்கும் இடத்தில் நினைவகத்தைச் செலவழித்து, ஒளி இருக்கும் இடத்தில் சேமித்தேன். இதைச் செய்து முடித்த இரவில்தான் என் மேசை முதன்முறையாக மூச்சு விட்டது.

இதே ஆர்வத்தோடு விலைக்கு விற்கும் விளையாட்டுகளையும் பார்த்துவருகிறேன். 2012-இல் ஃபார்சைட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘தி பின்பால் ஆர்கேட்’ பழைய மேசைகளைப் பெரிய எண்ணிக்கையில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. புடாபெஸ்டில் இருக்கும் சென் ஸ்டூடியோஸ் 2018 அக்டோபரில் தன் ‘பின்பால் எஃப்எக்ஸ் 3’-இல் வில்லியம்ஸ் மேசைகளை வெளியிட்டபோது, பழைய தோற்றத்தையும் புதுப்பித்த தோற்றத்தையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ள வழி வைத்தது. புதிய தோற்றத்தில் மேசை மேல் உருவங்கள் எழுந்து நின்று அசையும். குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது. நான் உடனே அணைத்துவிடுவேன். ஜான் யூசி போன்ற ஓவியர் ஒருவர் பார்வை எங்கே போகவேண்டும் என்று யோசித்து அமைத்த தளத்தில், அவர் வைக்காத ஒன்று அசைந்தால் கண் அங்கே இழுபடுகிறது. பந்து நின்ற அந்தச் சிறு வேளையும் பறிபோகிறது.

தேய்மானத்தைப் பற்றி மாமாவோடு எனக்கு இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. நண்பரின் பலகையில் ஃப்ளிப்பருக்கு மேலே பந்து உருண்டு உருண்டு சில இடங்களில் வண்ணம் போய் மரம் தெரிகிறது. சாம்பல் நிறத் தடங்கள் வளைந்து கிடக்கின்றன. ஸ்கேனில் அதைத் துடைத்துப் புதிதாக்கவேண்டும் என்பது அவர் கட்சி. “அடிச்சவன் அப்படியா மாப்ள குடுத்திருப்பான்? அவன் வேலைய அவன் குடுத்த மாதிரிக் காட்டு” என்கிறார். அவர் சொல்வதில் ஒரு தொழிலாளியின் மானம் இருக்கிறது. எனக்கோ, அந்தத் தடங்கள் இந்த மேசையை முப்பது வருடம் யாரெல்லாம் ஆடினார்கள் என்பதன் ஒரே பதிவு. அதைத் துடைக்கக் கை வரவில்லை. இப்போதைக்குத் துடைத்த படத்தைக் கீழேயும், தேய்மானத்தை மட்டும் தனி அடுக்காக மேலேயும் வைத்திருக்கிறேன். ஆடுபவர் வேண்டியபோது ஏற்றிக்கொள்ளலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. வில்லியம்ஸ் தன் பின்பால் பிரிவை 1999-இல் மூடிவிட்டது. எஞ்சியிருக்கும் பலகைகள் ஆடப்பட்டுத் தேய்கின்றன, அல்லது ஆடாமல் வெடிக்கின்றன. மென்பொருள் வடிவமும் நிலையானதல்ல. உரிமம் முடிந்ததால் 2018 ஜூன் 30-க்குப் பிறகு பின்பால் ஆர்கேடில் வில்லியம்ஸ், பாலி மேசைகளை விற்க முடியாமல் போயிற்று. அதற்குமுன் வாங்காதவருக்கு அந்தப் படங்கள் இனி அந்த வடிவில் இல்லை. அதனால் நண்பர் அனுப்பிய மூல ஸ்கேன்களை, 600 புள்ளியில் சுருக்காத டிஃப் கோப்புகளாக, இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஒன்று சென்னையில் என்னிடம். இன்னொன்று சிவகாசியில், மாமாவின் பழைய பட்டறை பீரோவில், அவர் அடித்த பத்திரிகை மாதிரிகளுக்கு அடுத்த தட்டில். அடுத்து இரண்டு மேசைகளின் ஸ்கேன் வரவேண்டியிருக்கிறது. அவற்றின் விளக்குகளுக்கு இப்போதே இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.